கூறைக்குப் போகும் படகு

"கோயிலாலை முப்பது பேர் லூர்துக்குப் போகினம், இன்னும் இடம் கிடக்கு..."

"லூர்துக்கு நீங்கள் போங்கோ, நான்..."

"என்னைக் கதைக்க விடும் அக்னெஸ்! மறியலிலை அடைபட்டுக் கிடந்த ஊருக்கு ஆராவது சுற்றுலா..."

"மறியல் கிடந்த ஆள் நான். போறதும் விடுறதும் நான்தான் சொல்ல வேணும்."

சென்ட் லோரன்ட்டில் பயணத் தடுப்பூசி போடும் கிளினிக்கின் முன்னால் கார் நின்றது. யோசெப் எஞ்சினை நிறுத்தவில்லை. பியர்பொன்ட்ஸ் வீட்டில் தொடங்கிய சண்டை நெடுஞ்சாலை முழுக்க வந்து, இங்கே இறங்கவும் மறுத்து உட்கார்ந்திருந்தது. செனகலுக்குப் போவதென்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி போடவேண்டும். மகள் பிரியந்தி இரண்டு டிக்கெட் எடுத்து, ஊசிக்கும் இரண்டு பெயர் கொடுத்துவிட்டாள். யோசெப்போ, தான் கார் ஓட்ட மட்டுமே வந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"டக்காரிலை எட்டு மாசம் இருந்தனீர். இன்னும் என்ன பார்க்கக் கிடக்கு?"

"ஒரு சுவர் பார்த்தனான். வேறை என்னத்தைப் பார்த்தன்? றோஸ் கலரிலை ஏரி இருக்காம், வெளிச்சவீடு இருக்காம், மலையிலை வானத்தைத் தொடுற மாதிரிச் சிலையாம். எல்லாம் என்னைச் சுத்தித்தான் இருந்திருக்கு."

"றோஸ் கலரிலை ஏரியோ? ஆர் சாயம் கரைச்சு விட்டது?"

"உப்புத் தண்ணியாம். அதுக்குள்ளை இறங்கி உப்பு அள்ளுகினமாம்."

"உப்புப் பார்க்க எங்கடை ஆனையிறவு உப்பளம் காணாதோ?"

அக்னெஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்தால் அவர் வென்றதாக நினைத்துவிடுவார்.

முப்பது வருடத்துக்கு முன், யோசெப்பைக் கட்டுவதற்காகப் பாசையூரிலிருந்து புறப்பட்டவள் அவள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் செனகலின் டக்கார் வரைக்கும் கொண்டுவந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் ஏழெட்டுப் பெண்களோடு விட்டுப் பூட்டினான். யன்னலைத் திறக்கக் கூடாது என்பது கட்டளை. ஆனால் சத்தத்தைப் பூட்ட முடியுமா? விடிந்தால் போதும், கீழே ஆட்கள் "கோரே, கோரே!" என்று கூவுவார்கள். அக்னெஸின் பைக்குள் கலியாணத்துக்கான கூறைச்சேலை மடித்தபடி இருந்தது எல்லோருக்கும் தெரியும்.

"எடியே அக்னெஸ், கூறை எங்கை எண்டு கேக்கிறாங்கள், எடுத்துக் காட்டடி!" என்று அந்தப் பெண்கள் உருண்டு சிரிப்பார்கள். அந்த அறையில் கிடைத்த சிரிப்பு அது ஒன்றுதான்.

போன மாரியில், மருந்துத் தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில், கூட வேலை செய்யும் ஆவா தன் ஊர் டக்காரின் வீடியோ ஒன்றைக் காட்டினாள். ஃபோனுக்குள்ளிருந்து அதே கூவல்! அக்னெஸ் கரண்டியை வைத்துவிட்டாள். கோரே ஒரு தீவு. அங்கே போகும் படகுக்கு ஆள் கூப்பிடுகிறார்கள். அடிமைகளை அடைத்து வைத்திருந்த வீடு ஒன்று அங்கே இருப்பதைச் சொல்லும்போது ஆவாவின் குரல் இறங்கியது. அந்த வீட்டு வாசலில் பேசாமல் நின்று கும்பிட்டுவிட்டு வரவேண்டும், அந்தப் படகில் ஏறவேண்டும் என்று அக்னெஸ் அப்போதே முடிவெடுத்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள் இப்போது, குரலை இறக்கி. "அந்த ஏஜென்டை எனக்கு ஒழுங்குபண்ணினது நீங்கள் எண்டுதானே டக்கார் பேர் எடுத்தாலே டீவியை மாத்துறியள்?"

யோசெப் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"அவன் செய்ததுக்கு நீங்கள் ஏன் தலை குனியிறியள்? எனக்குக் கோபம் இருந்திருந்தால் முப்பது வருஷம் உங்களுக்குக் கறி காய்ச்சித் தந்திருப்பனோ?"

"உறைப்புக் கூட்டித்தான் தந்தனீர்."

"அது கோபத்திலை இல்லை, பழக்கத்திலை. எஞ்சினை நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினார். உள்ளேயும் வந்தார். ஆனால் ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கையில் கார்ச் சாவியோடு கதவடியிலேயே நின்றார்.

நேர்ஸ் "போன்ஜூர்" சொல்லி அக்னெஸின் பெயரை முதலில் கூப்பிட்டாள். ஊசி ஏறும்போது அக்னெஸ் முகத்தைத் திருப்பவில்லை, யோசெப்தான் திருப்பினார். நேர்ஸ் பஞ்சை ஒட்டிவிட்டு, அடுத்த ஊசியை எடுத்து வைத்து, "மிஸ்யூ யோசெப்?" என்றாள். அவர் கதவையும் பார்த்தார், காலியான கதிரையையும் பார்த்தார்.

அக்னெஸ் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னாள்:

"கூறையைப் பெட்டியிலை வைச்சிட்டன். படகடியிலை பொம்பிளை நிக்குது, மாப்பிள்ளை எங்கை எண்டு ஆரும் கேட்டால், நான் என்னப்பா சொல்லட்டும்?"