வரிசையில் முன்னோர்

மருதியின் ஆய்வேட்டில் ஒரே ஒரு பிழைதான். அதில் வருகிறவர்கள் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

பல்கலைக்கழக விதி தெளிவானது. மலையில் வாழ்கிறவர்களின் காலக் கணக்கைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் அவர்கள் இறந்தகாலத்தில் இருக்க வேண்டும். 'தேன் எடுக்கிறார்கள்' கூடாது, 'எடுத்தார்கள்' என்றுதான் வர வேண்டும். ஏழு வருடம் மாடாய் உழைத்து எழுதியதை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நெறியாளரிடம் முறையிடலாம் என்றால், அவர் போன மாதமே ரப்பர் முத்திரை ஆகிவிட்டார். ஆய்வுப் பிரிவு மேசையில் மைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார். மருதி அவருக்கு ஒரு வணக்கம் வைத்தாள்.

கூடவே சின்னம்மா ரங்கியையும் அழைத்து வந்திருந்தாள். ஆய்வேட்டில் பாதி ரங்கி சொன்னது. ஆளே நேரில் நிற்கும்போது எப்படி இல்லை என்பார்கள், பார்த்துவிடுவோம் என்று ஒரு வீம்பு.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த பிரிவு அலுவலர் தெய்வசிகாமணி, ரங்கியை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோப்புல இவங்க 'இருந்தாங்க'ன்னு இருக்கு. எப்படி வந்தாங்க?"

"பஸ்ல வந்தேனுங்க," என்றாள் ரங்கி.

"பாத்தியாம்மா? 'வந்தேன்'. அவங்களே இறந்தகாலத்துலதான் பேசறாங்க."

சிவப்புப் பேனாவைத் திறந்தார். 'கிழங்கு தோண்டுகிறார்கள்' என்பதை அடித்து 'தோண்டினார்கள்' என்று எழுதினார். ரங்கியின் இடது செருப்பு காணாமல் போனது. அடுத்த வரியில் அவள் நிழல் போனது. அதற்கடுத்த வரியில் வளையல் சத்தம் போனது. ரங்கி கையை ஆட்டிப் பார்த்தாள். வளையல்கள் ஆடின, அவ்வளவுதான்.

இன்னும் முந்நூறு பக்கம் பாக்கி இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் சாயங்காலம் பட்டம் கைக்கு வந்துவிடும். சின்னம்மா இருக்க மாட்டாள்.

"பேனாவ மூடுங்க சார். எனக்குப் பட்டமும் வேணும், எங்க சின்னம்மாவும் வேணும்."

"ரெண்டுக்கும் சேத்து படிவம் கிடையாது. முன்னோர் அத்தியாயம் வேற இருக்கு. பின்னாடி போனவங்கள எதுக்கு நிகழ்காலத்துல எழுதின?"

ரங்கிக்கு இது விளங்கவே இல்லை. "முன்னோரு எப்படிங்க பின்னாடி போவாங்க? முன்னாடி நிக்கறதாலதான அந்தப் பேரு? நடந்ததெல்லாம் கண்ணுக்கு முன்னாடி இருக்கு. நாளைக்கு வர்றதுதான் முதுகுப் பக்கம். தெரியறதில்லைங்களே."

"அதெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம்," என்றார் அலுவலர். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அவர் சொல்கிற வார்த்தைதான். இனி வரப்போவதைத் தானே 'பின்னாடி' என்றுவிட்டது சொன்ன பிறகுதான் உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மருதிக்கு முன்னால் ஒருவர் நின்றார். தோளில் தேன் எடுக்கும் கயிறு. அவருக்கு முன்னால், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி. அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர். ஜன்னலுக்கும் மருதிக்கும் நடுவே இருந்த இரண்டடி இடம், ஆட்கள் வர வர நீண்டுகொண்டே போனது. அலுவலர் கடுகளவுதான் தெரிந்தார். குரல் மட்டும் பக்கத்தில் கேட்டது.

"நடுவுல யாரும் நுழையக் கூடாது."

"நுழையலைங்க சார். முன்னோர். முன்னாடிதான் நிப்பாங்க," என்றாள் மருதி.

விதி தெளிவானது. வரிசை தீராமல் ஜன்னலை மூடக் கூடாது, ஒவ்வொருவருக்கும் படிவம் நிரப்பியாக வேண்டும். முதலில் நின்ற கிழவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேரைச் சொன்னார். அலுவலர் 'இருந்தார்' என்று எழுதத் தொடங்கி, அந்தக் கையைப் பார்த்து நிறுத்தினார். நகத்தில் ஈரமண் இருந்தது.

பிறகு அவர் குரல் வந்தது.

"ஏம்மா, இப்படி மொத்தம் எத்தனை பேர் இருக்காங்க?"

மருதி சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"அதத்தான் சார் எழுதச் சொல்றேன். இருக்காங்க."

தூரத்தில் பேனா ஓடியது. பக்கத்தில் ரங்கியின் வளையல் சத்தம் கேட்டது.