பிணைத் துப்பாக்கி

ஜாருல்லா என்னோடு பிறந்தவன் இல்லை. ஆனால் என் உம்மாவின் பாலைக் குடித்தவன். அவனைப் பெற்றவள் ஜன்னி கண்டு கிடந்த மாதங்களில் என் உம்மா ஒரு பக்கம் என்னையும் மறு பக்கம் அவனையும் போட்டுப் பசியாற்றினாள். மார்க்கப்படி அவன் எனக்கு அண்ணன். அவன் முன்னால் நான் முகத்தை மூடியதே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு எவனாவது இதைச் செய்திருந்தால் காறித் துப்பிவிட்டு என் சோளக் காட்டைப் பார்க்கப் போயிருப்பேன்.

அவன்தான் எங்கள் பள்ளத்தாக்குக்கு ஷேக். போன வருடம் என் மகன் ஹிஸாம் போதைக்கு மெல்லும் காத் இலை ஏற்றிய பிக்கப் வண்டியை மலையிலிருந்து ஓட்டிக்கொண்டு இறங்கினான். மதியத்துக்குள் சந்தையில் சேர்க்காவிட்டால் இலை வாடிவிடும் என்று பறந்தான். வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி மோதி, தண்ணீர்த் தொட்டியடியில் நின்றிருந்த அப்துல் பாரி அந்த இடத்திலேயே மவுத்தாகிவிட்டான். திர்ஹமின் இரண்டாவது மகன். எங்கள் வயலுக்கு மேல் வயல்காரர்கள். அவன் சாவுக்கு என் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை என்று சொன்னால் யாராவது நம்புவார்களா, தெரியாது.

ரத்தம் சிந்தினால் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தோம். என் வீட்டுக்காரர் இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். நானே சுவரிலிருந்து அவருடைய துருக்கித் துப்பாக்கியை எடுத்து, ஊர் பார்க்க ஜாருல்லாவின் கையில் கொடுத்தேன்.

"இந்தாண்ணே, பிணை. நீ என்ன தீர்ப்புச் சொன்னாலும் என் வீடு தலைகுனிஞ்சு ஏத்துக்கும்" என்றேன்.

"என் முகத்து மேல ஆணை, தங்கச்சி. இது என் வீட்டுல இருக்கிற வரைக்கும் உன் மவன் மேல ஒரு தூசி விழாது" என்றான்.

எங்களுக்கு அதுதான் சட்டம். பிணை ஷேக் வீட்டில் இருக்கிறவரை யாரும் கையை ஓங்கக்கூடாது. பிணையைத் திருப்பி வாங்கிக்கொண்டால், தீர்ப்பும் வேண்டாம் சமாதானமும் வேண்டாம் என்று அர்த்தம். அதன்பிறகு சுட்டால் கேட்க நாதியில்லை.

அந்தத் துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. என் புருஷனின் பாட்டனார் அதைத் துருக்கிக்காரனிடம் சண்டை போட்டுப் பிடுங்கினார் என்று அவர்கள் வீட்டு ஆண்கள் மீசையை முறுக்குவார்கள். சண்டையாவது மண்ணாவது! துருக்கிப் பட்டாளம் ஊரைக் காலி செய்தபோது பசியில் சுருண்ட ஒரு சிப்பாய் ஒரு மூட்டைச் சோளத்துக்கு அதை விற்றுவிட்டுப் போனான். என் மாமியாரே சொன்னது. ஆனாலும் வெள்ளிப் பட்டை கட்டி, எண்ணெய் போட்டு, கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் மட்டும் வெளியே எடுப்பார்கள். அந்த வீட்டின் மானம் என்று காட்ட வேறு பொருள் எங்களிடம் இல்லை. பிணை வைக்க அதை எடுத்ததே அதனால்தான்.

ஜாருல்லா தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால்தான் அரசாங்கம் துப்பாக்கிகளை விலைக்கு வாங்க ஆரம்பித்தது. ஊரில் ஒரே சிரிப்பு. "துப்பாக்கியக் குடுத்துட்டு முக்காடு போட்டுக்கிட்டு சந்தைக்குப் போகச் சொல்றானா?" என்று ஆண்கள் கேட்டார்கள். "போட்டுத்தான் பாருங்களேன், வெயில்ல எப்படி வேகுதுன்னு அப்பத் தெரியும்" என்றேன் நான். யாரும் எதையும் கொடுக்கவில்லை. பிறகு கவர்னர் ஷேக்குகளைக் கூப்பிட்டு ஒவ்வொருவரும் இத்தனை கொண்டுவந்து ஒப்படைத்தே ஆக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாராம். அது ஷேக்குகளின் தலைவலி என்று நான் இருந்துவிட்டேன்.

ஒரு காலை நான் மாட்டுக்குச் சோளத்தழை ஒடித்துக்கொண்டிருந்தபோது மேல் வரப்பிலிருந்து குரல் வந்தது. செத்தவனுக்கு மூத்தவன், முஸ்இத்.

"ஏ, ஹிஸாம் உம்மா! பிணையத் திருப்பி எடுத்துக்கிட்டீங்களாமே?"

"யார்ரா சொன்னது?"

"ஷேக்கே சொன்னாரு, எங்க வாப்பாகிட்ட. நல்லது. உங்க மவன வீட்டுக்குள்ளயே வச்சுக்குங்க. பொம்பளைகிட்ட ஒளிச்சுப் பேசற பழக்கம் எனக்கில்ல, அதான் நேராச் சொல்லிட்டேன்."

 தழையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஹிஸாம் திண்டில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி நஜீபா. "நான் திரும்பி வர்ற வரைக்கும் வாசலைத் தாண்டாத. ஓடவும் ஓடாத. ஓடினா நாமதான் குத்தவாளின்னு ஆயிடும்" என்றேன். "சரிம்மா, எங்கயும் போகல" என்றான். முகம் வெளுத்திருந்தது.

ஜாருல்லா தன் கூடத்தில் கன்னம் புடைக்க காத் மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்கு மேல் சுவரில் கலாஷ்னிகோவ்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் புதுசு.

"வா தங்கச்சி, உக்காரு. காப்பித்தோல் கிஷ்ர் குடிக்கிறியா?"

"கிஷ்ரு கிடக்கட்டும். என் பிணையக் காட்டு."

"உள்ள பத்திரமா இருக்கு. என்ன அவசரம்?"

"அப்ப எடுத்துட்டு வா. பாத்துட்டுப் போயிடறேன்."

மென்றதை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினான். பூசி மெழுகுவதற்கு நேரம் தேடுகிறான் என்று புரிந்துவிட்டது.

"அரசாங்க உத்தரவும்மா. எண்ணிக்கை காட்டணும். அதையும் சேத்து அனுப்ப வேண்டியதாப் போச்சு. பழைய கட்டைதானே, சுட்டாக்கூட வெடிக்காது. உனக்கு வேற ஒண்ணு தர்றேன்."

"உன் தலைக்கு மேல தொங்குதே, அதெல்லாம் எண்ணிக்கைல சேராதா?"

"அதெல்லாம் போச்சுன்னா இந்தப் பள்ளத்தாக்கை யாரு காப்பாத்தறது?"

"எங்களக் காப்பாத்தின லட்சணத்தத்தான் பாக்கறேனே! சரி, அனுப்பின. அனுப்பினேன்னு திர்ஹம் வீட்டுல சொல்லியிருக்கலாமே? நாங்க திருப்பி வாங்கிக்கிட்டோம்னு ஏண்ணே சொன்ன?"

அவன் அடுத்த காத் இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.  ஒரு ஷேக் பிணைப் பொருளை விற்றான் என்று வெளியே தெரிந்தால் அவனிடம் நாய்கூட நியாயம் கேட்க வராது. அவன் பெயர் கெடக்கூடாது. அதற்கு என் மகன் சாகலாம்.

"என் உம்மா பால் உன் உடம்புல எங்கடா ஓடுது?" என்று கேட்டேன். அவனை நான் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அவன் வேலைக்காரனைக் கூப்பிட்டு என்னை வாசல் வரை கொண்டுபோய் விடச் சொன்னான். விருந்தாளியைப் போல!

காத் வியாபாரியின் வண்டியில் ஏறி நகரத்து ராணுவ முகாமுக்குப் போனேன். வாசல் சிப்பாய் விடவில்லை. வெயிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். கடைசியில், "ஏம்மா, என் காது போச்சு, உள்ள போய்த் தொலை" என்று கதவைத் திறந்தான்.

முற்றத்தில் மலை மாதிரி கொட்டிக் கிடந்தன. திரி வைத்துச் சுடுகிற நீளக் குழாய்கள், இங்கிலீஷ்காரன் துப்பாக்கிகள், துருக்கி, ஜெர்மனி, தந்தம் பதித்த கைத்துப்பாக்கிகள். ஒருவன் மின்சார வாளால் ஒவ்வொன்றையும் குறுக்கே அறுத்துக்கொண்டிருந்தான், பொறி பறந்தது. தலைநகர் சனாவிலிருந்து வந்த மியூசியக்காரர் ஒருவர், கண்ணாடி போட்டவர், "இதையாவது விடுங்க, இது ஒண்ணையாவது விடுங்க" என்று அவன் பின்னாலேயே அலைந்தார். அவன் காதில் பஞ்சு.

"ஷேக் ஜாருல்லா அனுப்பினது எங்கப்பா?" என்று ஒரு சிப்பாயிடம் கேட்டேன்.

"அந்த மூலை. உங்க ஷேக் மியூசியத்தையே கொண்டு வந்து கொட்டிட்டாரு. ஒண்ணாவது சுடற துப்பாக்கி வேணுமே!" என்று சிரித்தான்.

எங்களுடையது கிடைத்தது, இரண்டு துண்டாக. வெள்ளிப் பட்டைகளை முதலிலேயே எவனோ நெம்பி எடுத்திருந்தான். ஒன்று மட்டும் வரமாட்டேன் என்று அடிக்கட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அடையாளம் காண எனக்கு அது போதும். மியூசியக்காரர் இரும்பில் இருந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"துருக்கி எழுத்துல வருஷம் போட்டிருக்கு, தாயே. நூறு வருஷத்துக்கும் மேல. அறுத்துட்டாங்களே, பாவிங்க!"

"உங்களுக்கு அதோட வயசு கவலை. எனக்கு என் மவன் வயசு கவலை" என்றேன். பாவம், நல்ல மனுஷர்தான். நான் அடிக்கட்டைத் துண்டைச் சால்வைக்குள் செருகியபோது வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கிருந்து நேராகத் திர்ஹம் வீட்டுக்குப் போனேன். பிற்பகல் அசர் தொழுகை முடித்து ஆண்கள் வாசலில் நின்றிருந்தார்கள். முஸ்இத் தோளில் துப்பாக்கி. அப்துல் பாரி போனபிறகு நான் அந்தப் படியை மிதித்ததில்லை. தலைத்துணியை அவிழ்த்துத் திர்ஹமின் காலடியில் போட்டேன். என் நரைமுடியை அந்நிய ஆண்கள் பார்த்தார்கள். ஒரு பொம்பளை அப்படிச் செய்துவிட்டால் எதிரில் நிற்பவன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். துணியின் மேல் அந்தத் துண்டை வைத்தேன்.

"நாங்க திருப்பி வாங்கல. ஷேக் அரசாங்கத்துக்கு வித்துட்டான். பாருங்க, அறுத்துக் கிடக்கு. உங்ககிட்ட பொய் சொன்னான்."

திர்ஹம் குனிந்து அதை எடுத்தார். அறுத்த இடத்தைக் கட்டை விரலால் தடவினார். 

"பிணைய வித்தானா?" என்றார். "என் மகன் ரத்தத்துக்கு வச்ச பிணையவா?"

"வாப்பா, இவங்க பேச்ச நம்பி..." என்று முஸ்இத் ஆரம்பித்தான்.

"வாய மூடு!"

மகனின் தோளிலிருந்த துப்பாக்கியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "இது இந்த வீட்டுத் துப்பாக்கி. வேற ஷேக்கப் பாத்து நியாயம் கேட்டுக்கறேன். அதுவரைக்கும் இது உங்க வீட்டுல தொங்கட்டும். உங்க மவனத் தொட்டவன் என் முகத்துல துப்பினவன்."

அவர் மனைவி தகிய்யா உள்ளேயிருந்து வந்து, தரையில் கிடந்த துணியை உதறி, என் தலையில் போர்த்தினாள். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் போர்த்தினாள்.

கையில் அந்தத் துப்பாக்கியோடு வயல் வழியே வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். ஒரு வருடத்தில் நான் சிரித்தது அந்த வழியில்தான். என் உம்மா பால் குடித்த அண்ணன் கை கழுவிவிட்டான், பிள்ளையைப் பறிகொடுத்தவர் கை கொடுத்தார் என்று யாரிடமாவது கத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

வீட்டில் நஜீபா மட்டும் இருந்தாள்.

"ஹிஸாம் எங்க?"

"ஷேக் மாமா வண்டி அனுப்பினாரு. எல்லைக்கு அந்தப் பக்கம் சவூதில சேத்துடறாங்களாம்."

"நான் வர்ற வரைக்கும் இருக்கச் சொன்னேனே!"

"நானும் சொன்னேன், மாமி. டிரைவர், 'உங்க உம்மா வந்தா விடமாட்டாங்க, இப்பவே ஏறு'ன்னான். இவரு செருப்பக்கூட சரியா மாட்டல. என் முகத்தக்கூடப் பாக்கல."

அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன். ஜாருல்லாவின் கணக்கு அப்போதுதான் விளங்கியது. ஹிஸாம் ஓடிவிட்டான் என்றால் குற்றம் முழுக்க எங்கள் தலையில். பிணை எங்கே போனது என்று இனி எவனும் கேட்க மாட்டான். சரி, அவன் துரோகி. நான் சுமந்து பெற்றவன்? நரைமுடியைத் தெருவில் காட்டி நான் அவனுக்காக நின்ற நேரத்தில், என்னைக் கேட்காமல், அந்தத் துரோகியின் வண்டியிலேயே ஏறிப் போயிருக்கிறான். சனியனே, ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் என்ன?

துப்பாக்கியை என் வீட்டில் வைத்திருக்க எனக்கு முகமில்லை. ஓடிப்போனவனுக்கு எதற்கு அடுத்தவன் மானம் காவல்? மறுபடி திர்ஹம் வீட்டுக்கு ஏறினேன். 

"போயிட்டான்" என்று சொல்லி நீட்டினேன்.

"யாரு வண்டில?"

"ஷேக் வண்டில."

திர்ஹம் தலையை ஆட்டினார். துப்பாக்கியை வாங்கினார். "உங்க மேல எனக்குக் கோபமில்ல. ஆனா என் பசங்களப் பிடிச்சு நிறுத்த இனி என்கிட்ட வார்த்தையில்ல. உங்க மவன் இந்தப் பக்கம் திரும்பி வர வேணாம்" என்றார். அவருக்குப் பின்னால் முஸ்இத் நின்றிருந்தான். சிரிக்கவில்லை, அதுவரைக்கும் நல்லவன்.

நான் திரும்பி நடந்தபோது தகிய்யா வாசல்வரை வந்தாள்.

"சாப்பிட ஏதாவது எடுத்துட்டுப் போனானா?" என்று கேட்டாள்.

"இல்ல. வெறும் டீயோட போயிட்டான்."

"அப்துல் பாரியும் அன்னிக்கு ஒண்ணும் சாப்பிடல. வந்து சாப்பிடறேன்னான்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.