மேலிடத்தில் சேர்த்தது

கம்பளிக் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த துமாரின் கோட்டுப் பைக்குள் போன் அதிர்ந்தது. திரைக்குப் பின்னால் மாமனாரின் உடல். வாசலில் ஊர் ஆண்கள் "என் அண்ணனே" என்று அலறியபடி வந்துகொண்டிருந்தார்கள். ஒப்பாரியைப் பாதியில் விட்டு மருமகள் எழுந்தால் ஊர் வாயை மூட முடியாது. ஆனாலும் எழுந்தாள். கூப்பிட்டது ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன கணவன் எர்மெக். அவன் வரட்டும் என்றுதான் அடக்கத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள்.

அவன் வருவானா மாட்டானா என்பது ஊருக்கு வெறும் பேச்சு. அவளுக்கு அதுதான் வாழ்க்கை. அப்பாவின் சாவுக்கே வராதவன் இனி எதற்கு வரப்போகிறான்?

மாமனாரின் பெயர் புலுத். மேகம் என்று அர்த்தம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அது அன்றாடம் புழங்கும் சொல்லாக இருந்தாலும் கூடாது. வானம் இருட்டினால் "மேலே மூடிட்டு வருது" என்று சொல்லித் துமார் சமாளித்துவிடுவாள். சிக்கல் அவள் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் வந்தது. போன இலையுதிர்காலத்தில் தலைமையாசிரியர் எல்லோரையும் கூட்டி, இனிப் பாடக்குறிப்பு, மதிப்பெண் எதுவும் காகிதத்தில் வேண்டாம், இணையத்தில் புலுத்தில், அதாவது கிளவுடில், சேமியுங்கள் என்று சொல்லிவிட்டார். கணினி டீச்சர் சோனுன் ஒவ்வொருவருக்கும் கணக்கு திறந்து, கடவுச்சொல் போட்டு, கோப்பை எப்படி ஏற்றுவது, மற்றவர்களோடு எப்படிப் பகிர்வது என்று சொல்லிக்கொடுத்தாள். ஆசிரியர்கள் அறை முழுக்க புலுத், புலுத் என்றே பேச்சு. துமார் மட்டும் 'மேலிடம்' என்றாள்.

"உங்க மாமனாருக்குள்ள இன்னும் எவ்வளவு எடம் இருக்குக்கா?" என்று சோனுன் கிண்டல் செய்ததை வீட்டில் வந்து சொன்னபோது கிழவர் இருமல் வரும்வரை சிரித்தார். அதன் பிறகு அவள் சாயங்காலம் வீட்டுப் படியேறும்போதே, "இன்னிக்கு என் தலையில என்னத்த ஏத்தின?" என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. குதிரைக்கு லாடம் அடிப்பதை, வேலி கட்டுவதை எல்லாம் வீடியோ எடுத்து மகனுக்கு அனுப்பச் சொன்னார். அவளும் மேலிடத்தில் ஏற்றி எர்மெக்குக்குப் பகிர்ந்தாள். யார் திறந்து பார்த்தார்கள் என்று அதிலேயே தெரியும். அவள் பெயரைத் தவிர இன்னொரு பெயர் வந்ததே இல்லை. "பாத்தானா?" என்பார் கிழவர். "பாத்துட்டாராம் மாமா. சிரிச்சாராம்," என்பாள். அந்த வீடு ஓடியதே அந்தப் பொய்யில்தான்.

வைக்கோல் போருக்குப் பின்னால் போய்ப் போனை எடுத்தாள்.

"வர முடியாது துமார். எனக்காகக் காத்திருக்க வேணாம்னு சொல்லிடு," என்றான். குரல் கம்மியிருந்தது; அழுகையா, சளியா, தெரியவில்லை. "அடக்கம் பண்றத எடுத்து புலுத்துல போட்டுடு. நான் பாத்துக்கறேன்."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. போனைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள்.

கூடாரத்தருகே மாமனாரின் தம்பி ஷார்ஷென் வழிமறித்தார். அவருக்குப் பின்னால் ஊர்ப் பெரியவர்கள். வர முடியாதாம் என்று சொன்னதும் அவர் முகம் கறுத்தது. வேறென்ன சொன்னான் என்று அதட்டினார். இறந்தவர் உள்ளே கிடக்கும்போது அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது?

"மேலிடத்துல சேத்துடச் சொன்னார், சின்ன மாமா."

ஷார்ஷென் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவனத் தப்பா நெனச்சுட்டேன். நம்ம கையில என்ன இருக்கு, மேல இருக்கறவன்கிட்டயே ஒப்படைச்சிடுங்கன்னு சொல்லிட்டான் பாரு."

பெரியவர்கள் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவி அவனை வாழ்த்தினார்கள். துமார் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் கிழவர் பெற்ற பிள்ளையின் மானம் கிழவரின் உடல் கிடக்கும் இடத்திலேயே கப்பலேறும். மூடிக்கொண்டாள்.

உடலை எடுத்தார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. அடக்கத்தைப் படமெடுக்கச் சொல்லிப் போனை யாரிடமாவது கொடுத்துவிட்டிருக்கலாம், அவள் கொடுக்கவில்லை. கூட்டம் குன்றில் ஏறிச் சிறுத்துப்போவதைப் பார்த்தபடி நின்றாள். இனிச் சாயங்காலம் தன்னை ஒரு கேள்வி கேட்க இந்த வீட்டில் ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ராகம் எதுவும் இல்லாமல் அழுதாள்.

ஆண்கள் திரும்பும் நேரத்தில் எர்மெக்கிடமிருந்து செய்தி வந்தது. போட்டுட்டியா என்று கேட்டிருந்தான்.

போட்டாச்சு என்று பதில் எழுதிவிட்டு, முற்றத்தில் மாவுத் துண்டுகள் பொரித்துக்கொண்டிருந்த பெண்களோடு போய் நின்றாள். எண்ணெய்ச் சட்டியருகே சோனுன் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். போன் மறுபடி அதிர்ந்தது.

'முழுசா பாத்துட்டேன். ரொம்ப அழுதுட்டேன்.'

துமார் அதை இரண்டு தரம் படித்தாள்.

"அண்ணன் என்ன சொல்றார்க்கா?" என்றாள் சோனுன்.

"பாத்துட்டாராம்," என்று சொல்லிவிட்டுச் சோனுன் கையிலிருந்த கரண்டியை வாங்கி, பொரிந்ததை அள்ளித் தட்டில் கொட்டினாள்.