உமா மகேஸ்வரி முடிக்காத வாக்கியம்

1

இந்தக் கதை ஒரு பிளக்கிலிருந்து பிறந்தது. பிடுங்கியவன் நான்.

குற்றாலத்தில் சாரல். நண்பர் சங்கரபாண்டியின் லாட்ஜில், நெட் ஒழுங்காக வரும் மாடியறையில், மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து உமா மகேஸ்வரி பேசிக்கொண்டிருந்தாள். மேலகரத்தில் என் தெருக்காரி, நான் பார்க்க வளர்ந்தவள். செயற்கை நுண்ணறிவுக்கு உலகம் முழுக்கப் பொருந்தும் விதிகளை வகுக்க எங்கேயோ ஒரு குழு கூடியிருந்தது. வளரும் நாடுகளின் குரலையும் கேட்க ஒரு மாலையை ஒதுக்கியிருந்தார்கள். அதில் அவளுக்கு ஐந்து நிமிடம். எனக்கு ‘தொழில்நுட்ப உதவி’ என்று பதவி.

தொழில்நுட்ப உதவிக்குக் குளிரெடுத்தது. சுக்குக்காப்பிக்கு வெந்நீர் போட கெட்டிலைத் தூக்கினேன். போர்டில் இடமில்லை. எந்த வயர் எதற்குப் போகிறது என்று பார்க்காமல் ஒன்றைப் பிடுங்கினேன். மோடம் கண்ணை மூடியது.

“விதி எழுதும் மேசையில் எங்களுக்கு—”

அத்தோடு இந்தியா [பெரிய வார்த்தை, வேண்டாம்] குற்றாலம் [சரி] அணைந்துபோனது. மறுபடி இணைவதற்குள் கூட்டம் அடுத்த கண்டத்துக்குப் போயிருந்தது.

2

முதலில் இதை ‘மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில்…’ என்றுதான் தொடங்கினேன். அந்த மடியில் ஏற்கெனவே ஏகப்பட்ட கதைகள் படுத்துக் கிடக்கின்றன, இன்னொன்றுக்கு இடமில்லை. அடுத்து, ‘உமா மகேஸ்வரி ஓர் எளிய…’ அதையும் அடித்தேன். அவள் எளியவளெல்லாம் இல்லை. வேளாண்மையில் பட்டம் வாங்கியவள், கீழப்பாவூர் உழவர் குழுவில் வேலை, என்னை ஒரே பார்வையில் உட்காரவைப்பவள்.

அவள் பேசப் போன காரணம் இதுதான். இலையைப் படம் பிடித்துக் காட்டினால் நோயைச் சொல்லும் ஒரு செயலி இருக்கிறது. அந்தக் குழுவிலுள்ள முப்பிடாதியம்மாளின் நல்ல நெற்பயிரைப் பார்த்து அது நோய் என்றது. அந்தம்மாள் நம்பி மருந்தடித்தார். வயல் கருகியது. செயலிக்குக் காட்டிப் பழக்கிய படங்கள் எந்த ஊர் வயலில் எடுத்தவையோ! யாரிடம் போய்க் கேட்பது? செய்தவர்கள் ஒரு நாட்டில், விதி எழுதுபவர்கள் இன்னொரு நாட்டில், கருகியது மட்டும் இங்கே.

(கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் மேடை மைக் சத்தம் கேட்கிறது. உண்மையாகவும் இருப்பதால் விட்டுவைக்கிறேன்.)

3

கூட்டக் குறிப்பு வந்தது. அதை எழுதியதும் ஓர் இயந்திரம்தான். உமா சத்தமாக வாசித்தாள்: “விதி எழுதும் மேசையில் தங்களுக்கு இடமளித்தமைக்கு நன்றி தெரிவித்தார்.”

“நான் எப்ப அண்ணாச்சி நன்றி சொன்னேன்?”

“நீ பாதியில நிறுத்திட்டல்லா, மிச்சத்த அதுவா…”

“நானா நிறுத்துனேன்?”

நான் சாரலைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை குறிப்பு இறுதியாகிவிடும். அதன்பின் முப்பிடாதியம்மாளுக்காகப் பேசப் போனவள், நன்றி சொல்லிவிட்டு வந்தவளாகிவிடுவாள். சென்னையிலிருக்கும் கூட்ட ஒருங்கிணைப்பாளர் நஸீபாவுக்கு போன் போட்டேன்.

“உங்க கவலை நிச்சயம் மதிக்கப்படும் சார்.”

“திருத்தலாமா, முடியாதா?”

“திருத்தம் கேக்குறது உறுப்பினர்கள் மட்டும்தான் சார்.”

“அப்ப நாங்க?”

“நீங்க… கேட்கப்பட்ட குரல் சார்.” குரலைத் தாழ்த்தினாள். அவளும் மனுஷிதானே. “அவங்க சரியா என்ன சொல்ல வந்தாங்கன்னு ஒரு வரி அனுப்புங்க. நான் மேல தள்ளிப் பாக்குறேன்.”

4

ஒரு வரிதானே! எழுத்தாளனுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி.

‘எங்களுக்கு ஒரு நாற்காலி வேண்டும்.’ கம்பீரம்தான். ஆனால் நாற்காலியைக் கொடுத்துவிட்டு மேசையை அடுத்த அறைக்கு நகர்த்திவிட்டால்? சரி, ‘எங்களுக்கு ஓட்டு வேண்டும்.’ இது பரவாயில்லை. அப்புறம் எனக்கே சாமி வந்து, ‘எங்களுக்கு வேண்டியதெல்லாம், எங்கள் வயல்களின் கண்ணீரைத் துடைக்கும்…’ இதை எழுதிய கையை ஐந்தருவியில் நனைத்து உதற வேண்டும்.

மூன்றையும் உமாவிடம் காட்டினேன்.

“மிஷின் ஒரு தடவதான் என் வாயில வார்த்தையப் போட்டுச்சு. நீங்க மூணு தடவ போட்டுருக்கீய.”

“அப்ப என்னத்த அனுப்ப?”

“‘இணைப்பு அறுந்துபோச்சு, அவ பேசி முடிக்கல’ன்னு அனுப்புங்க. முழுசாக் குடுத்தா வாங்கி வச்சுக்கிட்டுப் போயிருவாவ. பாதியில நின்னாத்தான் திரும்பக் கூப்பிடணும்.”

அப்படியே அனுப்பினேன். கூப்பிட்டார்கள் என்று இங்கே முடிக்கலாம். கூப்பிடவில்லை என்றும் முடிக்கலாம். அதற்கு இலக்கிய மதிப்பு கூடுதல். வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை என்பதால் இரண்டையும் உங்களிடம் விடுகிறேன். அவளுடைய வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து முடித்துவைத்துவிடாதீர்கள்.

ஆனாலும் எனக்கு ஆறவில்லை.

“ஏட்டி, எங்கிட்டயாவது சொல்லு. அந்த ‘எங்களுக்கு’க்கு அப்புறம் என்ன?”

அவள் மடிக்கணினியை மூடினாள்.

“உங்ககிட்ட எதுக்கு அண்ணாச்சி? நீங்களா விதி எழுதுதீய?”