எல்டனின் கடைசிப் பெட்டி

ரோஸ்கோவின் சட்டையில் காலர் மட்டும் பாக்கி. வெர்னா இஸ்திரிப்பெட்டியின் முனையால் அதை அழுத்திக்கொண்டிருந்தாள். சட்டைக்காரன் பனியனோடு சமையலறை மேஜையில் உட்கார்ந்து, செத்துப்போன அண்ணன் எல்டனின் ரிவால்வருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அறுபத்தாறு வயதில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் சேர்த்து ஒரே சட்டை வைத்திருப்பவன். அதையும் வண்டி சீட்டுக்கு அடியில் சுருட்டி எடுத்து வந்திருந்தான்.

"பெட்டி எங்க இருக்கு அண்ணி?"

எந்தப் பெட்டி என்று அவள் கேட்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் சனிக்கிழமைதோறும் கூடிச் சுடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தங்களில் ஒருவர் போனால், அவருடைய ரிவால்வரில், அவர் கையால் கடைசியாகத் தயாரித்த தோட்டாப் பெட்டியிலிருந்து ஐந்தைப் போட்டு, ஐந்து பேர் ஆளுக்கொன்றாகச் சுடுவார்கள். கல்லறை மேட்டுக்கு எதிர்ச்சரிவில் ஓர் இரும்புத் தகடு தொங்கும். அது ஐந்து முறை மணிபோல அடித்தால் ஆள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார் என்று அர்த்தம். ஆறு அறை உள்ள ரிவால்வரில் ஐந்தைத்தான் நிரப்புவது. விசையை இழுத்தால் தோட்டாவை அடிக்கிற சுத்தியலுக்குக் கீழே உள்ள அறை எப்போதும் காலி. அதுவும் பழைய வழக்கம்தான்.

"அவரோட ரூம்ல இருக்கும். நான் எடுத்துத் தரேன்," என்றாள்.

"நானே போய் எடுக்கிறேனே."

"சட்டைய மாட்டு முதல்ல. கிளைட் வீட்டுல இருந்து சாவு வீட்டுச் சாப்பாடா உருளைக்கிழங்கு கொண்டு வருவாங்க. இந்தக் கோலத்துலயா நிப்ப?"

சட்டையை அவன் தலைமேல் போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். மணி பத்தரை. அடக்கம் இரண்டு மணிக்கு.

அறையின் கதவில் பூட்டில்லை. ஆனாலும் அக்டோபரிலிருந்து அவள் அதைத் திறந்ததில்லை. போன புதன்கிழமை காலை உணவுக்குப் பிறகு கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் எல்டன் கண்ணை மூடியபோதும், ஆம்புலன்ஸ்காரர்கள் வந்துபோனபோதும், அந்தக் கதவு மூடியேதான் இருந்தது.

அக்டோபருக்கு முன்பு நாற்பத்தோரு வருடம், அவர் தோட்டா தயாரித்த அந்த அறையில் இரண்டு ஸ்டூல்கள், ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு. அவர் சுட்டது நாற்பத்தைந்து கோல்ட் என்கிற பழைய பெருந்தோட்டா. குதிரைப்படைக் காலத்துச் சரக்கு, கட்டைவிரல் பருமன். அந்தக் காலத்துக் கரிமருந்து பித்தளைக் கூடு நிறையப் போட வேண்டியது. இந்தக் காலத்து மருந்து அடியில் கொஞ்சம் கிடந்தாலே போதும். சனியனே அங்கேதான் இருக்கிறது. ஒரே கூட்டில் மறந்து இரண்டு முறை ஊற்றிவிட்டாலும் வழியாது, பொங்காது, மேலே ஈயக்குண்டை வைத்து மூடிவிடலாம். வெடிக்கும்போதுதான் தெரியும்.

ரோஸ்கோவுக்கு அப்படித்தான் தெரிந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால், பேச்சு சுவாரசியத்தில் அவனே இரண்டு முறை ஊற்றிய ஒரு தோட்டா, ரிவால்வரின் மேல்பட்டையோடு அவனுடைய இடது கட்டைவிரலில் பாதியையும் கொண்டுபோனது. அன்றிலிருந்து எல்டனுக்கு வருடம் முழுக்கத் தீபாவளி. நவம்பர் மாத நன்றி செலுத்தும் நாள் விருந்தில் வான்கோழியை அறுக்கும்போது தவறாமல் சொல்லுவார்: "ஒம்பதரை விரல்காரனுக்குக் கால் பீஸ் வைங்க. புடிச்சுக்க வசதியா இருக்கும்." எல்லோரும் சிரிப்பார்கள். ரோஸ்கோவும் சிரிப்பான், எல்லோரையும்விடக் கொஞ்சம் சீக்கிரமாக நிறுத்திக்கொள்வான்.

அப்படி எதுவும் நேராமலிருக்க எல்டன் வீட்டில் ஆரம்பத்திலிருந்தே ஒரு சட்டம். ஊற்றுகிறவர் ஒருவர், பார்க்கிறவர் ஒருவர். ஐம்பது குழி வெட்டிய மரப்பலகையில் கூடுகளை நிறுத்தி அவர் மருந்து ஊற்றுவார். பிறகு பலகையை அவள் பக்கம் நகர்த்தி, "பாரு," என்பார். அவள் டார்ச்சை அடித்து ஐம்பதுக்குள்ளும் பார்த்து, "பாத்தாச்சு," என்பாள். அதற்குப் பிறகுதான் குண்டு. பெட்டி மூடியின் சீட்டில் தேதி எழுதி, ‘பார்த்தவர்’ என்ற இடத்தில் அவள் பேரின் முதலெழுத்தைப் போடுவார். கல்யாணப் பதிவேட்டுக்கு அடுத்தபடியாக அவர்கள் இருவர் பேரும் சேர்ந்திருந்தது அந்தச் சீட்டுகளில்தான்.

அக்டோபரில் ஒரு நாள் அவள் டார்ச்சை அடித்தபோது மூன்றாம் வரிசையில் இரண்டு கூடுகளில் மருந்து மேலே ஏறி நின்றது. மறுபடி பார்த்தாள். "ரெண்டு இருக்கு," என்றாள். அந்த வருடம் அவர் கார் சாவியைக் குளிர்பெட்டியில் வைத்ததும், கிளைட்டை அவனுடைய அப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அவளுக்குத் தெரியும். தெரியாததுபோல இருந்துவிடலாம் என்று இருந்தாள். இது அப்படி இருக்கக்கூடியது அல்ல. எல்டன் ஐம்பது கூடுகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து மருந்தை டப்பாவில் கொட்டி மூடினார். மறுநாள் அறை வாசலில் நின்றுகொண்டு, "இனிமே நீ உள்ள வர வேணாம்," என்றார்.

அவளுக்கும் ரோஷம் உண்டு. போகவில்லை. இரண்டு மாதம், தினமும் மத்தியானம் கதவுக்கு அந்தப் பக்கம் குண்டைக் கூட்டில் அழுத்தி மூடுகிற கருவியின் கைப்பிடி கிறீச்சிடுவது கேட்டது. இந்தப் பக்கம் அவள் பாத்திரம் கழுவினாள். குளிரில் மணிக்கட்டு வலிக்கிறது என்று அவர் சுடப் போகவும் இல்லை. புதன்கிழமை காலை இன்னொரு காபி கேட்டார். பதில் சொல்லாமல் ஊற்றினாள். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது, அவள் பேசாததையும் சேர்த்தால்.

இப்போது அந்த இரண்டு மாதத்துத் தோட்டாக்கள் பெட்டியில் இருந்தன. யாரும் பார்க்காதவை. அதில் எத்தனையில் இரண்டு ஊற்று என்று கடவுளுக்குத்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் இரண்டு மணிக்கு எவன் கையாவது போகலாம். சொன்னால், எல்டனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று சவக்குழி மூடுமுன் ஊர் முழுக்கத் தெரியும். முதலில் தெரிவது ரோஸ்கோவுக்கு. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

உள்ளே எல்லாம் துடைத்துவைத்தபடி இருந்தது. அவளுடைய ஸ்டூல் மேஜைக்கு அடியில் தள்ளியிருந்தது. ஒரே ஒரு பெட்டி. சீட்டில் டிசம்பர் தேதி, நடுங்கிய கையெழுத்து. ‘பார்த்தவர்’ என்ற இடம் காலி.

தோட்டாவைப் பிரிக்கிற சுத்தியலை ஆணியிலிருந்து எடுத்தாள். அதன் தலைக்குள் தோட்டாவை மாட்டித் தரையில் நாலு தட்டுத் தட்டினால் குண்டு கழன்று மருந்து கொட்டும். ஐம்பதையும் பிரித்துப் பார்ப்பது, சரியாக இருப்பதில் ஐந்தை மறுபடி மூடித் தருவது. அதுதான் அவள் யோசனை. பெட்டியைத் திறந்தாள். குண்டுகள் மேல்நோக்கி நின்றன. எல்டன் எப்போதும் தலைகீழாகத்தான் அடுக்குவார், அடிப்பக்கம் தெரியும்படி. இதிலுமா மறதி என்று ஒன்றை உருவித் திருப்பினாள்.

அடியில் கேப்பு இல்லை. ரிவால்வரின் சுத்தியல் அடித்தால் தீப்பொறி கக்குகிற சின்னப் பித்தளைக் கேப்பு. அது இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. காதருகே குலுக்கினாள். சத்தமே இல்லை. இன்னொன்றை எடுத்தாள். பிறகு ஒரு வரிசை முழுவதும். ஐம்பதிலும் கேப்பு இல்லை, மருந்து இல்லை. வெறும் பித்தளையும் ஈயமும். ஆனால் ஒவ்வொரு குண்டும் நேராக உட்கார்ந்து, விளிம்பு சீராக மடிந்து, துணியால் துடைத்து மினுங்கியது. சுடவே முடியாத ஒன்றை இத்தனை நேர்த்தியாக யாரும் செய்து அவள் பார்த்ததில்லை.

அலமாரியில் மருந்து டப்பா இருந்தது. அக்டோபரில் அவர் மூடியபோது சுற்றிய நாடா அப்படியே இருந்தது.

வெர்னா தன் ஸ்டூலை வெளியே இழுத்து உட்கார்ந்தாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே தினமும் வந்து உட்கார்ந்து, யாருக்கும் ஆபத்தில்லாத வேலையாகப் பார்த்துச் செய்திருக்கிறார். அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்காக அவளுக்குக் கோபம் வந்தது. செத்தவர்மேல் அது அவளுக்கு முதல் கோபம். கதவைத் தட்டாத தன்மேல் வந்தது அதைவிடப் பெரிது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து, அலமாரியில் இருந்த ஜாடியிலிருந்து ஐந்து காலிக் கூடுகளை எடுத்தாள்.

அவர் செய்ய அத்தனை வருடம் பார்த்தவள்தான். ஊற்றியது இல்லை. ஐந்துக்கும் கேப்பு பதித்தாள். நாடாவை வெட்டி, சின்னத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, புனல் வைத்து ஊற்றினாள். பலகையை நகர்த்தினாள். எதிர் ஸ்டூலில் யாரும் இல்லை.

ஊற்றிய கண்ணே பார்க்கக் கூடாது. ஊற்றியவருக்குத் தான் ஊற்ற நினைத்ததுதான் தெரியும், ஊற்றியது தெரியாது. அது அவர் சொன்னது. அவள் வெகு நேரம் டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைத் திறந்து ரோஸ்கோவைக் கூப்பிட்டாள்.

சலவைச் சட்டையில் அவன் வேறு யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்தவனைப்போல நின்றான். மேஜையையும் ஐந்து கூடுகளையும் பார்த்தான். திறந்திருந்த பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துத் திருப்பினான். ஓட்டைமேல் அரைக் கட்டைவிரலை வைத்தான்.

"எப்பல இருந்து?"

"அக்டோபர்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமில்ல."

"உங்கிட்டயா?"

அவன் தோட்டாவை அதன் குழியிலேயே வைத்தான். முப்பது வருடக் கேலிக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருவதற்கு இதைவிட நல்ல நேரம் அவனுக்கு வாய்க்கப்போவதில்லை. வெர்னா அதற்குத் தயாராகவே இருந்தாள். டார்ச்சை நீட்டினாள்.

"பாரு."

ரோஸ்கோ குனிந்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் வெளிச்சத்தை இறக்கி, நிறுத்தி, அடுத்ததற்குப் போனான். ஐந்தும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். தூரத்துப் பார்வைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூன்றாவது தடவையும் பார்த்தான்.

"பாத்தாச்சு," என்றான்.

அவள் குண்டு வைத்து மூடினாள். ஐந்தையும் அவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்றான்.

மேட்டில் காற்று இல்லை. பனி கணுக்கால் வரை கிடந்தது. பாதிரியார் சுருக்கமாக முடித்தார், அவருக்குச் சளி. தோட்டாப் பெட்டி எங்கே என்று கிளைட் கேட்டதற்கு, "அண்ணி அத விட்டுத் தர மாட்டேங்கிறாங்க. அஞ்சுதான் கெடச்சது," என்றான் ரோஸ்கோ. கிளைட் அவளைப் பார்த்து மரியாதையாகத் தொப்பியைத் தொட்டான்.

முதலில் ரோஸ்கோ சுட்டான். வெர்னா தகட்டைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகடு அடித்தது. ரிவால்வர் கைமாறியது. ஒவ்வொரு முறையும் கையைத்தான் பார்த்தாள். ஐந்தாவது கிளைட். அவனுக்குக் கை நடுங்கும். இருந்தும் தகடு அடித்தது.

"எல்டன் போட்ட தோட்டா," என்று கிளைட் சொன்னான். "சத்தத்துலயே தெரியுதே."

"வேற யாரு போடுவா?" என்றான் ரோஸ்கோ. "நாப்பது வருஷத்துல ஒண்ணு தப்பினது இல்ல. நான் சொல்றேன், இந்தக் கைய வச்சுக்கிட்டு."

யாரோ சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

ஆட்கள் வண்டிகளுக்குப் போகத் தொடங்கினார்கள். ரோஸ்கோ ரிவால்வரைச் சாய்த்து, குழலுக்குக் கீழே இருந்த கம்பியால் காலிக் கூடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி அவள் உள்ளங்கையில் போட்டான். கையுறைக்குள்ளும் சூடு தெரிந்தது. அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தாள். பிறகு அடுத்தது. ஐந்தும் பார்த்து முடியும்வரை ரோஸ்கோ அங்கேயே நின்றான்.