நாத்தனாரின் முகம்

நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கல்லூரி வேதியியல் ஆய்வகம் முழுக்க அவளுக்கு அண்ணி என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் எலியும் பூனையுமாக இருக்கும் இரண்டு பேருக்கும் இங்கே ஒரே மேசை. விதியைத் தவிர வேறு யாரும் இப்படிக் கோத்துவிட மாட்டார்கள்.

போன மாதம் வீட்டையே புரட்டிப்போட்ட காய்ச்சலில் அண்ணிக்கு வாசனையே தெரியாமல் போய்விட்டது. காப்பியும் வெந்நீரும் அவளுக்கு ஒன்றுதான். துறைத்தலைவரோ கறாரான மனிதர். மூக்கு வேலை செய்யாதவருக்கு இந்த ஆய்வகத்தில் வேலை இல்லை என்று எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார். கணவனும் வேலையிழந்து வீட்டில் இருக்கும்போது அவள் எப்படி வாயைத் திறப்பாள்? நாத்தனாரிடம் சொல்வதும் ஊருக்குத் தண்டோரா போடுவதும் ஒன்று.

அதனால் அந்த நாத்தனாரின் முகத்தையே நம்பி வேலை பார்த்தாள். சாம்பிராணி போட்ட வீட்டிலும் குற்றம் கண்டுபிடிக்கிற முகம் அது. துளி வாடை வந்தாலும் சுளித்துவிடும்.

அன்று மாணவர்கள் வருவதற்குள் அமோனியாவை நீர்க்க வைக்க வேண்டும். பாட்டிலை ஐஸில் வைத்துக் குளிரவிட்டாள். கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, புகையை உறிஞ்சும் கண்ணாடிப் பெட்டிக்குள் குடுவையை வைத்து, முதலில் தண்ணீரை ஊற்றினாள். பிறகு அமோனியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாள். மேலே விசிறி உறுமிக்கொண்டிருந்தது. கூரை ஒழுகலை அடைக்க வந்தவர்கள் புகை வெளியேறும் குழாயின் வாயைத் தார்ப்பாயால் மூடிவிட்டுப் போயிருந்தது இருவருக்கும் தெரியாது.

தொண்டை லேசாகக் கரித்தது. நாத்தனாரைப் பார்த்தாள். முகம் தெளிவாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். இப்போது தொண்டை எரிந்தது.

"வாடை ஏதாவது வருதா?"

"உங்களுக்கு வருதா அண்ணி?"

"நான் உன்னைத்தானே கேட்டேன்."

நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குக் காய்ச்சலுக்கு அப்புறம் ஒண்ணுமே தெரியல. உங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் சமாளிச்சுட்டு இருக்கேன்."

அண்ணி ஊற்றுவதை நிறுத்தினாள். பாட்டிலை இறுக மூடி, பெட்டியின் கண்ணாடியை இறக்கி, நாத்தனாரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதுவரை திறந்தே கிடந்த ஆய்வகக் கதவைச் சாத்தினாள். வராந்தாவில் தொண்டை எரிச்சல் அடங்கியது. இருவரும் சுவரில் சாய்ந்து நன்றாக மூச்சை இழுத்துவிட்டார்கள்.

"எனக்கும் அதே கதைதான்டி," என்றாள் அண்ணி.

நாத்தனார் அவளையே பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணனுக்குக்கூடத் தெரியாது."

"தெரிய வேணாம். விசிறி ரிப்பேர்னு சொல்லிக்கலாம். நம்ம ரெண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது."

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல காற்று, தப்பித்தோம் என்று நினைத்தாள்.

மாடிப்படியில் மாணவர்கள் ஏறி வந்தார்கள். பாதியிலேயே நின்றுவிட்டார்கள். ஒருத்தி இருமினாள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள்.

"மிஸ், இந்த நெடியில எப்படி நிக்கிறீங்க?"

அவர்களுக்குப் பின்னால் துறைத்தலைவர், கைக்குட்டையை மூக்கில் அழுத்தியபடி, அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

அண்ணி அவசரமாகக் கையால் மூக்கைப் பொத்தினாள். அவளைப் பார்த்து நாத்தனாரும் பொத்தினாள்.