விளக்கைப் பற்றி ஒரு வாக்கியம்

...இன்னும் பேசவில்லை, பேசட்டும், நான் அவசரப்படக்கூடாது, எதிரே இருப்பவரின் மௌனத்தை நாம் உடைக்கக்கூடாது என்பதுதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திரு, முகத்தில் எதையும் காட்டாதே... ஆனிக்கா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுகிறாள், வெளியே இழுக்கிறாள். அவள் பூட்ஸிலிருந்து பனி உருகிக் கம்பளத்தில் கறையாகப் படர்கிறது. போன மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்து எவ்வளவு வேகமாகப் பேசினாள், விடுதி அறையில் கூட இருக்கும் டெஸ் இரவெல்லாம் விளக்கை எரியவிடுகிறாள், தூக்கமே இல்லை, வேதியியல் தேர்வு நாசமாகிவிட்டது, ஆனால் சின்ன வயதிலிருந்து தோழி, ஒரே ஊர், ஒரே ஹாக்கி அணி, டெஸ் கோல் காப்பாள், இவள் முன்னால் ஆடுவாள், அவளிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று. சொல்ல வாய் வராதவர்களுக்காகத்தானே பல்கலைக்கழகம் இந்த அறையைக் கொடுத்து என்னைப் போன்ற மாணவர்களை உட்கார வைத்திருக்கிறது. நாங்கள் பஞ்சாயத்து செய்வதில்லை. சண்டை போட்ட இருவரில் ஒருவர் வருவார், இன்னொருவரிடம் எப்படிப் பேசுவது என்று எங்களிடம் பேசிப் பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த கோர்டன் சொல்வார், "அறிவுரை சொல்லியே ஆகணும்னு நாக்கு அரிச்சா வீட்டுக்குப் போய் நாய்கிட்ட சொல்லுங்க, அது யார்கிட்டயும் புகார் பண்ணாது." எல்லோரும் சிரித்தோம், நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன், எனக்கு இந்த வேலை பொருந்தும் என்று அப்போதே தெரிந்துவிட்டது, சும்மா இருப்பது எனக்கு எப்போதுமே சுலபம்.

அன்று சேர்ந்து ஒரு வாக்கியம் செய்தோம், இல்லை, அவள் செய்தாள், நான் கேள்வி மட்டும் கேட்டேன், அப்படித்தான் சொல்லவேண்டும். ராத்திரி லைட் எரியும்போது என்னால தூங்க முடியல, அது எனக்குக் கஷ்டமா இருக்கு, நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்துவர மாதிரி ஒரு வழி பார்க்கலாமா... குற்றம் சாட்டாத வாக்கியம், கூர் எதுவும் இல்லாத வாக்கியம். நான் டெஸ்ஸாக நடித்தேன், அவள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள், கடைசியில் குரல் நடுங்கவில்லை, இரண்டு பேருக்கும் பெருமை. டெஸ் ஏன் விளக்கை அணைப்பதில்லை என்று நான் கேட்கவில்லை. இங்கே இல்லாதவரைப் பற்றி ஊகிக்கக்கூடாது, வந்தவருக்கு என்ன வேண்டுமோ அதோடு நில்... நின்றேன். இன்று ஆனிக்கா வந்தவுடன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள், நேற்று அந்த வாக்கியத்தைச் சொன்னாளாம், ஒரு சொல் பிசகவில்லையாம். "அவ சிரிச்சா, டாரியா. என்னடி பேங்க்ல இருந்து பேசுற மாதிரி பேசுறன்னா. அப்புறம் சிரிப்பு போயிடுச்சு. யார்கிட்டடி போய் என்னைப் பத்திப் பாடம் படிச்சிட்டு வந்தேன்னு கேட்டா. எருமை, லைட்டை அணைச்சித் தொலைன்னு நான் திட்டியிருந்தா தலகாணிய எடுத்து என்மேல எறிஞ்சிருப்பா, அதோட முடிஞ்சிருக்கும்." அதற்குப் பிறகு டெஸ் மிக அமைதியாகச் சொன்னாளாம், கோடையில் செத்துப்போன அம்மாவின் முகம் இருட்டில் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது, அதனால்தான் விளக்கு, போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது, பரவாயில்லை, இனி உனக்குத் தொந்தரவு இருக்காது. பெட்டியைக் கட்டிவிட்டாள். படிப்பே வேண்டாமாம். அவள் மாமா டிரக்கோடு வந்துவிட்டார், கீழே வண்டி நிறுத்துமிடத்தில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் ஆனிக்கா உட்கார்ந்தாள், இதற்குப் பிறகுதான் இந்த மௌனம்.

ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. திரும்பினால் டிரக் தெரியும், இன்ஜின் உறையாமலிருக்கச் சொருகும் மின்கம்பி மூக்கிலிருந்து தொங்கும் கார்களுக்கு நடுவே, இந்தக் குளிரில் இன்ஜினை அணைத்திருக்க மாட்டார்கள், புகை தெரியும். திரும்பக்கூடாது, வந்தவரிடமிருந்து கண்ணை எடுக்கக்கூடாது. எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறோம்? சாமான் என்ன பெரிய சாமான், இரண்டு பெட்டி, ஹாக்கி பை, ஒரு மேசை விளக்கு... அந்த விளக்கை யார் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அவளா, மாமாவா? இதையெல்லாம் நான் ஏன் யோசிக்கிறேன், டெஸ்ஸின் அம்மா இறந்தது தெரிந்திருந்தும் இவள் என்னிடம் ஏன் சொல்லவில்லை, நான் கேட்காததால் சொல்லவில்லை, அவளுக்கே சாவையும் விளக்கையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை, கேட்டிருந்தால் தோன்றியிருக்குமோ. ஓடு என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சொன்னால்? கீழே போய் இவள் இன்னும் ஏதாவது உளறினால், டெஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டால், நீங்கதானே போகச் சொன்னீங்க என்று...

"நீங்களா இருந்தா போவீங்களா?" ஆனிக்கா தலையை நிமிர்த்தவில்லை.

"போனா அவகிட்ட என்ன சொல்லணும்னு உனக்குத் தோணுது?" என் வாய் அதுவாகவே சொல்லிவிட்டது, குரலில் இதம்கூடச் சரியான அளவில் இருந்தது.

"ஐயோ, மறுபடியும் ஆரம்பிக்காதீங்க. எனக்கு இன்னொரு வாக்கியம் வேணாம். போவீங்களா, மாட்டீங்களா?"

அப்போது அவள் முகம் நேராக என்னைப் பார்த்தது, மூக்கு சிவந்து, கெஞ்சலும் வெறுப்பும் ஒன்றாகக் கலந்து. எனக்குள் தேடினேன், எங்கேயாவது ஒரு பதில் கிடக்கும் என்று, கைக்கு வந்ததெல்லாம் கேள்விகள்தான், ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாமே நல்ல கேள்விகள்.

"போ," என்றேன். "இப்பவே போ."

அவள் எழுந்தாள். கதவுவரை போய்த் திரும்பி, "நெஜமாத்தான் சொல்றீங்களா, இல்ல இதுவும் டிரெயினிங்கா?" என்றாள், பதிலுக்கு நிற்கவில்லை, படிகளில் பூட்ஸ் தடதடவென்று இறங்கும் சத்தம், பிறகு கீழ்க்கதவு, பிறகு எதுவுமில்லை. இனி நான் திரும்பிப் பார்க்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை, டிரக் நிற்கிறதா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும்... அவளுக்காகத்தான் சொன்னேனா, அந்த முகத்துக்கு எதிரே இன்னும் ஒரு நிமிடம் உட்கார முடியாமல் அவளை அனுப்பிவைத்தேனா? காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதுவாவது ஏதாவது சொல்லட்டும் என்று.